ஸ்டெல்லாவின் கிழக்கு

சிங்கப்பூரில் என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் ‘கம்ப்யூட்டர்’ என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். விவரம் சொன்னால் மரியாதை குறைகிறது. செஞ்சி பேருந்து நிலையத்தில் என்னை ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரரிடம் பயணக் களைப்பில் உண்மையை உளறிவிட்டேன். திரையில் ‘நகலெடு’, ‘அழி’, ‘சேமி’ என்று கட்டளைகள் இருக்கின்றன அல்லவா, மக்கள் அவற்றை இன்னும் சீக்கிரமாகத் தேர்ந்தெடுக்க வழி செய்கிறவன் நான்.

அவர் கண்ணாடி வழியாக என்னை நன்றாகப் பார்த்தார்.

“மவுஸ நவுத்தறதுக்கா பிளேன் ஏறி வந்தீங்க?”

“ஆமாம்.”

“அதுக்கு சம்பளம் வேற குடுக்கறாங்க?”

“கொடுக்கிறார்கள்.”

“குடுத்து வெச்ச ஆளு சார் நீங்க” என்றார். கிண்டல் இல்லை. பொறாமைதான். சாலை நடுவே நின்ற ஒரு எருமையைச் சுற்றி வண்டியை ஓட்டினார். எங்கள் ஊரில் இதற்கு ஒரு சிக்னல், ஒரு கேமரா, ஓர் அபராதம் வேண்டியிருக்கும். இங்கே எருமைக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் ஒரு புரிதல் இருந்தது.

நான் தேடி வந்த கடை கடைத்தெருவில் இருந்தது. பேனர், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அச்சடிக்கும் கடை. உரிமையாளர் ஸ்டெல்லா, என் சக ஊழியருக்கு ஒன்றுவிட்ட அக்கா. எங்கள் புதிய மெனுவை அவசரத்தில் வேலை செய்கிறவர்களிடம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது மேலாளரின் ஆசை. அலுவலகத்தில் சோதனைக்கு வருகிறவர்கள் இலவச பிஸ்கட்டுக்காக வருகிறவர்கள். அவர்களுக்கு என்ன அவசரம்?

ஸ்டெல்லாவுக்கு அவசரம் இருந்தது. ஸ்கூட்டியிலிருந்து விழுந்து இடது கையில் மாவுக்கட்டு. மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக்கு இன்னும் சில நாட்கள்தான். அங்கே ஒவ்வொரு அமாவாசைக்கும் சோறு போடும் அன்னதானக் குழு ஒன்றின் பேனர் முழுவதும் இவர் கடையில்தான் அச்சாகும். வாசல் வளைவு, வரிசைக்கு வழிகாட்டும் பலகைகள், நன்கொடை கொடுத்தவர்களின் முகங்கள். கடை ஓடுவதே அந்த ஆர்டரில்தான் என்று வந்த உடனே சொல்லிவிட்டார்.

நான் பையை இறக்கி வைக்கும்போதே குழுத் தலைவர் தணிகாசலம் உள்ளே வந்தார். கட்டைப் பார்த்தார்.

“இன்னாம்மா, கை போச்சாமே? திண்டிவனத்துல குடுத்துடட்டா?”

“கைதாண்ணா போச்சி. கடை போவல.”

“இந்த வாட்டி லேட்டாச்சின்னா அப்புறம் எப்பவும் திண்டிவனம்தான். குழுவுல சொல்லிட்டாங்க. எம்மேல வருத்தப்படாத.”

“முத பஸ்சு போறதுக்குள்ள வளைவு நிக்கும். நீ சோத்த பாரு.”

அவர் போனதும் ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினார். “வீராப்பா சொல்ட்டேன் சார். இத்தினி நாளு லெஃப்ட் கைதான் கீபோர்டுல ஷார்ட்கட் தட்டும், ரைட் கை மவுஸ புடிக்கும். இப்ப ஒண்ணொண்ணுக்கும் மேல போயி மெனுவத் தொறந்து தேடிக்கினு கெடக்கறேன். உங்களுது ஒத்தக் கையால ஆவுமா?”

ஆகும். அதற்காகவே பிறந்தது அது. சுட்டி எங்கே நிற்கிறதோ அங்கேயே வலது பட்டனை அழுத்திப் பிடித்தால், அதைச் சுற்றி ஒரு சக்கரம் விரியும். எட்டுத் திசைக்கும் ஒரு கட்டளை. வேண்டிய பக்கம் இழுத்து விட்டால் வேலை முடிந்தது. இதில் அழகு என்னவென்றால், பழகியபின் சக்கரம் விரியும்வரை காத்திருக்க வேண்டாம். சட்டென்று சுண்டினாலே போதும், சக்கரம் கண்ணுக்கே படாது. வீட்டுக்குள் இருட்டில் நடக்கிறவனுக்குக் கதவு எங்கே என்று யாரும் சொல்ல வேண்டியதில்லையே.

இந்த யோசனையைக் கண்டுபிடித்தவன் நானில்லை. என் பங்கு தமிழ்ப்படுத்தியது. ‘வலப்பக்கம் மேல் மூலைச் சாய்வாக’ என்று சொல்லிக் கொடுப்பதற்குள் மனிதனுக்கு ஆயுள் முடிந்துவிடும். ஆகவே வடகிழக்கு. திரையின் மேற்பக்கம் வடக்கு, வலப்பக்கம் கிழக்கு, வரைபடத்தில் இருப்பதுபோல. நகல் கிழக்கு, அழிப்பது மேற்கு. முன்னே கொண்டுவர வடக்கு, பின்னே தள்ளத் தெற்கு. சேமிக்க வடகிழக்கு, செய்ததை ரத்து செய்யத் தென்மேற்கு. மேலாளர் என் தோளில் தட்டினார். அந்தத் தட்டின் சூடு ஆறாமல்தான் செஞ்சியில் இறங்கியிருந்தேன்.

ஒரு நீள மேசை. கடை வாசலைப் பார்த்தபடி ஒரு கணினி, அது முதலாளியின் இருக்கை. எதிரே வாசலுக்கு முதுகு காட்டி இன்னொன்று, அது தம்பி பாபுவுடையது. மீசையும் குழந்தையும் உள்ள தம்பி. இரண்டிலும் மெனுவைப் போட்டுவிட்டு, திசைகளைச் சொல்லிக் கொடுத்தேன். ஸ்டெல்லா சக்கரத்தைப் பார்த்துப் பார்த்து இழுத்தார். ஒரு பிழை இல்லை.

இரவு விடுதிக்கு அருகில் பரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊர்ப் பரோட்டாவுக்கு இது பெரியப்பா. சால்னா ஊற்றியவர், “போதும்” என்ற சொல்லைத் தன் வாழ்நாளில் கேட்டறியாதவர்.

மறுநாள் காலை செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறினேன். தமிழில் எல்லாரும் ‘பிரமித்தேன்’ என்று எழுதுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அங்கே எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. யாரோ விளையாட்டாய் அள்ளிக் கொட்டியதுபோல் பாறைகள் குவிந்து கிடக்கின்றன, அந்தப் பாறை எது, சுவர் எது என்று பிரிக்க முடியாதபடி மதில் ஏறிப் போகிறது. கல்யாண மகால் கீழே விளையாட்டுச் சாமானாகச் சுருங்குகிறது. ஒரு வாசல், உடனே ஒரு திருப்பம், இன்னொரு வாசல், மறுபடி திருப்பம். உச்சிக்குப் போக பிளவின்மேல் ஒரே ஒரு சின்னப் பாலம். அதையும் எடுத்துவிட்டால் வந்தவன் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது புரிந்தது. இதைக் கட்டியவர்கள் என் தொழிலின் பரம வைரிகள். உள்ளே வருகிறவனை எத்தனை விதமாகத் தாமதப்படுத்தலாம் என்று தலைமுறை தலைமுறையாக யோசித்திருக்கிறார்கள். மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு என்று வைக்கிற மென்பொருள்காரர்கள் எல்லாம் இவர்களின் வாரிசுகள்தான். ஆனால் வாரிசுகளுக்கு இந்தக் கைத்திறன் வரவில்லை. இங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் வேர்வையோடு கும்பிடத் தோன்றுகிறது. இந்த உயர்ந்த சிந்தனையில் இருந்தபோது குரங்கு ஒன்று என் மோர் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஒரே அசைவு. தேர்வு, நகர்வு, முடிவு. எங்கள் குழுவில் அதற்கு வேலை நிச்சயம்.

கீழே இறங்கி ஒரு தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழும் மோர்மிளகாயும் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனால், ஸ்டெல்லா முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஜெபமாலை சொல்கிறார் என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“நகல் கெழக்கு, அழிக்க மேற்கு, முன்னால வடக்கு…”

“ராத்திரி சாப்பாட்டுலகூட இதேதான் சார்” என்றார் பாபு. “சேமி எந்தப் பக்கம்னு கேட்டு, சொன்னாதான் கொழம்பு ஊத்தினாங்க.”

ஸ்டெல்லா அன்று சக்கரத்துக்குக் காத்திருக்கவில்லை. சுண்ட ஆரம்பித்துவிட்டார். இரண்டாம் நாளிலேயே! எங்கள் பிஸ்கட் கூட்டத்தில் ஒருவர்கூட இந்த இடத்துக்கு வந்ததில்லை. நான் சந்தோஷத்தில் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினேன். அதனால் நடந்ததெல்லாம் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது.

வாசல் வளைவின் படம். நடுவில் அம்மன், இடப்பக்கம் குத்துவிளக்கு. வலப்பக்கமும் ஒரு விளக்கு வேண்டும். நகலெடுக்கச் சுண்டினார். இருந்த விளக்கும் காணாமல் போனது. பதறிப்போய் ரத்து செய்யச் சுண்டினார். கோப்பு விளக்கில்லாமல் பத்திரமாகச் சேமிக்கப்பட்டது. சரி, அம்மனையாவது முன்னே கொண்டுவருவோம் என்று சுண்டினார். அம்மன் பின்னால் போய்விட, அன்னதானக் குழு கைகூப்பியபடி முழு வளைவையும் அடைத்துக்கொண்டு நின்றது.

“அக்கா, சாமிக்கே எடம் இல்லாம பண்ட்டியே” என்றார் பாபு.

“வாய மூட்றா.”

ஸ்டெல்லா மேலும் வேகமாகச் சுண்டினார். மேலும் ஒவ்வொன்றாய் மறைந்தது, மறைந்தபடியே சேமிக்கவும் பட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. யுபிஎஸ் ஒரு முறை முனகிவிட்டு உயிரை விட்டது. கரண்ட் திரும்பியபோது எங்களுக்கு மிஞ்சியது அந்தக் கைகூப்பிய குழு மட்டும்தான். ஒரு நாள் வேலை போயே போயிற்று.

நான் பிறகு உட்கார்ந்து பார்த்தேன். அவர் சக்கரம் விரியக் காத்திருந்து இழுத்தால் எல்லாம் சரி. வேகமாகச் சுண்டினால் எல்லாம் நேர் எதிர். பாபுவோ மெதுவாகச் செய்தாலும் சரி, வேகமாகச் செய்தாலும் சரி, பிழையே இல்லை. வேகத்துக்காகவே செய்த ஒரு பொருளுக்கு இதைவிட அவமானம் கிடையாது. நிபுணனின் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன்: “வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?”

“மாத்திரை கைக்கு சார். மூளைக்கு இல்ல.”

பிறகு ஸ்டெல்லா, மரியாதை குறையாமல், “நாளைக்குக் காலைல நீங்க தளவானூரு போயிட்டு வாங்க சார். பல்லவர் காலத்துக் கொகைக் கோயிலு. நல்லா பொறுமையா பாருங்க” என்றார். அந்தப் ‘பொறுமையா’வின் நீளம் எனக்குப் புரிந்தது. நான் பக்கத்தில் இல்லாமல் இருந்தாலே அவருக்குப் பாதி வேலை முடியும்.

மூன்றாம் நாள் காலை பேருந்தில் மூன்று பேர் இருக்கையில் நடுவில் இடம் கிடைத்தது. ஓரத்தில் ஓர் அம்மா, காலடியிலும் பக்கத்திலும் வேகவைத்த மல்லாட்டை மூட்டை. நிலக்கடலையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஜன்னலோரம் இருந்தவர் இறங்கியதும் அந்த அம்மா என்னிடம், “சார், கொஞ்சம் வடக்கால நவுந்துக்கோங்க” என்றார்.

எனக்குப் பேருந்துக்குள் வடக்கு எங்கே இருக்கிறதென்று தெரியாது. சிங்கப்பூர் ரயிலில் கதவு இடப்பக்கம் திறக்கும், வலப்பக்கம் திறக்கும் என்றுதான் சொல்வார்கள். துணிந்து ஒரு பக்கம் நகர்ந்தேன். மல்லாட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“ஐயோ, வடக்கால சார், வடக்கால! ஜன்னலாண்ட! படிச்சவரா இருக்கறீங்க, வடக்கு தெர்லியா?”

பின் இருக்கையில் ஒருவர், “வெளியூரும்மா. அவங்களுக்கு மல்லாட்டதான் வடக்கு” என்றார். பேருந்தே சிரித்தது. நசுங்கியதை அந்த அம்மா எனக்கே தின்னக் கொடுத்தார். சூடாக, உப்பாக, அருமையாக இருந்தது.

நான் ஜன்னலோரம் தின்றுகொண்டிருந்தேன். பேருந்து வலப்பக்கமாக ஒரு திருப்பம் திரும்பியது. சற்று நேரத்தில் அந்த அம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு சொன்னார்:

“கெழக்கால ஜன்னல சாத்துங்க சார். வெயிலு மூஞ்சிலியே அடிக்குது.”

நான் சாத்தினேன். சாத்திய கையை எடுக்காமல் அப்படியே இருந்தேன். கொஞ்சம் முன்புவரை இந்த ஜன்னல் வடக்கு. இப்போது கிழக்கு. ஜன்னல் அதே ஜன்னல். திரும்பியது பேருந்து. இந்த அம்மாவுக்குக் கிழக்கு என்பது பேருந்தில் ஒட்டிய பெயர் இல்லை. அது வெளியே, சூரியன் கிளம்பும் இடத்தில், அசையாமல் நிற்கிறது.

கடை வாசல் தெற்குப் பார்த்தது என்று முகவரியிலேயே எழுதி அனுப்பியிருந்தார்கள். ஸ்டெல்லா வாசலைப் பார்த்து உட்காருகிறார்.

“நிறுத்துங்க!” என்று கத்தினேன். கண்டக்டர், “கொகை இன்னும் வரல சார்” என்றார். குகை எங்கேயும் போய்விடாது. பல்லவர்கள் என்னை மன்னிக்கட்டும். வெயிலில் நின்று, எதிரே வந்த ஒரு மினிலாரியில் கத்திரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து செஞ்சி வந்து சேர்ந்தேன்.

கடையில் ஸ்டெல்லா பழைய மெனுவைத் திறந்து திறந்து வளைவை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். பாதிகூட ஆகவில்லை. முகத்தில் தூக்கமில்லை. நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, “கண்ணை மூடிக்கொண்டு கிழக்கைக் காட்டுங்கள்” என்றேன்.

“இன்னா சார், மந்திரமா?”

“காட்டுங்கள்.”

இடப்பக்கம் நீட்டினார். எதிரே பாபு, கேட்காமலே, தன் வலப்பக்கம் நீட்டினார். இரண்டு விரலும் ஒரே சுவரைக் காட்டின. கண்ணீர் அஞ்சலி பேனருக்குத் துக்க முகத்தோடு வந்திருந்த ஒருவரும் அதே சுவரைக் காட்டினார். திரையின் கணக்குப்படி நான் என் வலது கையை நீட்டினேன்.

“சார் கோட்டையக் காட்டறாரு!” என்றார் துக்கத்துக்கு வந்தவர். “அங்கதான சூரியன் எறங்கும்!” துக்கத்தை மறந்து அவர்தான் முதலில் சிரித்தார்.

நான் விளக்கினேன். சக்கரம் கண்ணெதிரே இருந்தால் ஸ்டெல்லா சக்கரத்தைப் பார்க்கிறார். அது மறைந்ததும் சொல்லை நம்புகிறார். கிழக்கு என்றால் அவர் கை உண்மையான கிழக்குக்குப் போகிறது, அது திரையில் இடப்பக்கம், என் கணக்கில் மேற்கு. நகல் அழிப்பாகிறது, ரத்து சேமிப்பாகிறது. வடக்குப் பார்த்து உட்கார்ந்த பாபுவுக்கு மட்டும் என் திசையும் ஊர்த் திசையும் ஒன்று.

“அப்ப நான் தப்பு பண்ல?”

“இல்லை. திசையைத் திருப்பி வைத்தவன் நான். நிரலை மாற்றிவிடலாம், சிங்கப்பூரிலிருந்து அனுமதி வர வேண்டும், நாளை மறுநாள்…”

ஸ்டெல்லா அதற்குள் எழுந்துவிட்டார். “டேய் பாபு, எந்திரி. இங்க வந்து ஒக்காரு.”

பாபு தயங்கினார். அது வாசலைப் பார்த்த முதலாளி இருக்கை. யார் வருகிறார்கள், யார் பாக்கி வைத்துவிட்டுத் தலை குனிந்து தெருவைக் கடக்கிறார்கள், எல்லாம் அங்கிருந்துதான் தெரியும். கடை திறந்த நாளிலிருந்து அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லையாம். ஸ்டெல்லா முதன்முறையாக வாசலுக்கு முதுகு காட்டி, வடக்குப் பார்த்து உட்கார்ந்தார்.

ஒரு விளக்கு. ஒரு சுண்டு. இரண்டு விளக்கு.

அதன்பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? சக்கரம் ஒரு முறைகூட விரியவில்லை. திரையில் மெனு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. முகங்கள் பெருகின, நகர்ந்தன, அம்மனுக்குப் பின்னால் அடக்கமாகப் போய் நின்றன. அந்த மணிக்கட்டு அசைந்ததா என்றுகூடச் சொல்ல முடியாது. பாட்டுக்காரர் விரல் தாளம் போடுவதுபோல் ஏதோ நடந்தது. எழுத்துகளை எதிரிலிருந்து பாபு தட்டிக் கொடுத்தார். நடுவில் தெருவில் போன ஒருவர் எட்டிப் பார்த்து, “மொதலாளி, நம்மள்து ரெடியா?” என்று பாபுவைக் கேட்க, “ஆவுது, ஆவுது” என்று அவர் காலை ஆட்டினார்.

“கால ஆட்டாதடா, நாளைக்கு அந்த சீட்ட வுட்டு எறங்கணும்” என்றார் ஸ்டெல்லா, திரும்பாமலே.

நான் ஒரு மூலையில் கத்திரிக்காய் வாசனையோடு நின்று வாய் பிளந்தேன். இந்த வேகத்தைக் காகிதத்தில் வரைந்திருக்கிறேன், கூட்டங்களில் சத்தியம் செய்திருக்கிறேன். மனிதக் கையில் பார்த்ததில்லை. ராஜகிரி உச்சியில் நின்றபோது வந்த அதே மூச்சடைப்பு, ஒரு பேனர் கடையில், நாற்காலியில் சாய்ந்து நின்றபடி வந்தது. பொழுது சாய்வதற்குள் கடைசிப் பலகையும் அச்சு இயந்திரத்துக்குள் போய்விட்டது.

அமாவாசையன்று மதியம் சிறப்புப் பேருந்தில், மூன்று பேரின் முழங்கைகளுக்கு நடுவே தொங்கி, மேல்மலையனூர் போனோம். அவ்வளவு ஜனத்தை நான் தைப்பூசத்தில்கூட ஒரே இடத்தில் பார்த்ததில்லை. எலுமிச்சை மாலை, வேப்பிலை, தோளில் குழந்தை, கையில் சேவல். அத்தனை கூட்டமும் ஊர் எல்லையில் குழம்பி நின்று, ஸ்டெல்லாவின் அம்புக்குறியைப் பார்த்து, ஆறு வளைவதுபோல் வளைந்து சென்றது. ஒரு மணிக்கட்டு சுண்டியதற்கு இவ்வளவு பேர் திரும்புகிறார்கள் என்பதைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வளைவு முதல் பேருந்துக்கு முன்பே எழுந்திருந்தது. தணிகாசலம் கரண்டியோடு வந்தார். அண்ணாந்து தன் முகத்தைத் தேடினார், கண்டார், திருப்தியானார்.

“மூஞ்சி நல்லா வந்துருக்குது. அடுத்த அமாவாசைக்கும் போட்டுடும்மா. திண்டிவனத்துக்கு ஆளனுப்ப வேணாம்.”

“நான் எப்ப வேணும்னேன்?” என்றார் ஸ்டெல்லா. தணிகாசலம் போனதும்தான் மாவுக்கட்டுக் கையைத் தொட்டிலில் இட்டதுபோல் மடியில் வைத்து, ஒரு கல்லில் உட்கார்ந்து, நீளமாக மூச்சு விட்டார்.

நான் பக்கத்தில் டீ வாங்கி வந்து கொடுத்தேன். என் மேலாளர் கேட்டனுப்பியது ஒரே கேள்வி. அதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. “கட்டுப் பிரித்த பிறகு பழையபடி கீபோர்டுக்கே போய்விடுவீர்கள், இல்லையா?”

“இன்னாத்துக்கு?”

“இடது கை சும்மா இருக்குமே.”

ஸ்டெல்லா டீயை ஒரு வாய் உறிஞ்சினார். சூடு. கண்ணை மூடித் திறந்தார்.

“இருக்கட்டும் சார். ரெண்டு கையும் வேலைல மாட்டிக்கினு, கடை தொறந்ததுலருந்து நான் ஆறிப்போன டீயத்தான் குடிச்சிருக்கேன்.”